குருதிச் சிறுதட்டுக்களை உலகறியச் செய்த ஜூலியோ பிட்சோசேரோ

மழைக்காலம் தொடங்கியதும் நமது நாட்டின் வைத்தியசாலை விடுதிகளில் ஓர் எண்ணைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகின்றது. டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டவரின் உறவினர்கள் அந்த எண் ஏறியதா, இறங்கியதா என்று காலையிலும் மாலையிலும் கேட்டு ஏங்கி நிற்பதைக் காண்கின்றோம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் டெங்கு நோயாளர்கள் பதிவானபோது அந்த ஏக்கம் எண்ணற்ற குடும்பங்களைத் தொட்டுச் சென்றது. அவ்வாறு கேட்கப்படும் எண், குருதியிலுள்ள சிறுதட்டுக்களின் எண்ணிக்கையாகும். ஒரு காலத்தில் வைத்தியர்கள் மட்டுமே அறிந்திருந்த பிளேட்லெட் என்ற சொல், இன்று எழுத்தறியாத முதியவர்களின் வாயிலும் புழங்குகின்றது.

டெங்கு நோயாளர்களுள் மிகப் பெரும்பாலானோர் பிறரது சிறுதட்டுக்கள் ஏற்றப்படாமலேயே குணமடைந்துவிடுகின்றனர். ஆயினும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள், என்பு மச்சை செயலிழந்தோர், பெரும் சத்திரசிகிச்சைகளின்போது அதிக குருதியை இழப்போர் ஆகியோருக்கு இன்னொருவர் வழங்கும் சிறுதட்டுக்களே உயிர் காப்பனவாக உள்ளன. இச்சிறுதட்டுக்கள் குருதியின் தனியானதொரு கூறு என்பதையும், அவற்றின் பணி யாது என்பதையும் முதன்முதலில் தெளிவுற நிறுவிக் காட்டியவர், மருத்துவ உலகம் நன்கறிந்த இத்தாலிய விஞ்ஞானி ஜூலியோ பிட்சோசேரோ ஆவார். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. எனினும், குருதியை வழங்குபவரின் உடலில் என்ன நிகழ்கின்றது என்ற கேள்வி இன்று எழும்போது, விடை தேடுவோர் அவரது வாழ்வின் பக்கமே திரும்ப வேண்டியுள்ளது.

பிட்சோசேரோ 1846ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி வட இத்தாலியின் லொம்பார்டிப் பிரதேசத்திலுள்ள வரேசே நகரில் பிறந்தார். அப்போது இத்தாலி என்றொரு தனி நாடு இருக்கவில்லை. லொம்பார்டி, ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் அப்பிரதேசம் அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்டது. 1861ஆம் ஆண்டில் இத்தாலிய இராச்சியம் பிரகடனம் செய்யப்பட்டது. புதிதாகத் தோன்றிய அந்நாட்டில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் புத்துயிர் பெறத் தொடங்கிய வேளையில் கல்வி கற்ற தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவர், 1866ஆம் ஆண்டில் இருபது வயதிலேயே பட்டம் பெற்றார். அங்கு பாவுலோ மன்தெகாட்சா என்ற பேராசிரியர் நோயியலுக்கென ஓர் ஆய்வுகூடத்தை அமைத்திருந்தார். நோயை நூல்களிலிருந்தும் ஊகங்களிலிருந்தும் விளக்கிய காலம் அது. பரிசோதனையாலும் நுணுக்குக்காட்டியாலுமே நோயை அறிதல் வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆய்வுகூடத்திலேயே இளைஞரான பிட்சோசேரோவின் உள்ளத்தில் வேரூன்றியது. பின்னர் சூரிச்சுக்கும் பேர்லினுக்கும் சென்று, கலங்களை அடிப்படையாகக் கொண்ட நோயியலின் தந்தையெனப் போற்றப்படும் ருடொல்ஃப் விர்ச்சோவிடம் பயிற்சி பெற்றார். நாடு திரும்பிய அவரிடம், மன்தெகாட்சாவின் இடத்தில் நின்று நோயியல் கற்பிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அடுத்த ஆண்டே அவரது முதலாவது பெருங் கண்டுபிடிப்பு வெளிவந்தது. மனித உடலின் குருதிக் கலங்கள் எங்கே உருவாகின்றன என்ற கேள்விக்கு அக்காலத்தில் உறுதியான விடை இருக்கவில்லை. மண்ணீரல் என்றனர் சிலர். ஈரல் என்றனர் வேறு சிலர். நிணநீர்க் கணுக்கள் என்றோரும் இருந்தனர். எலும்புகளின் உள்ளே நிறைந்திருக்கும் மச்சை, வெறும் கொழுப்பு நிரம்பிய வெற்றிடமென்றே பெரிதும் கருதப்பட்டது. 1868ஆம் ஆண்டில் பிட்சோசேரோ, என்பு மச்சையே குருதிக் கலங்களின் பிறப்பிடம் என்பதை எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் ஜேர்மனியின் கோனிக்ஸ்பேர்க் நகரில் ஏர்ன்ஸ்ட் நொய்மன் என்பவரும் தனித்து ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்திருந்தார். இருவரும் சேர்ந்தே இந்தப் பெருமைக்கு உரியவர்கள் என்று வரலாறு ஏற்றுக்கொண்டுள்ளது.

இக்கண்டுபிடிப்பின் பொருளை எளிதில் கூறிவிடலாம். குருதி என்பது பிறக்கும்போது நமக்கு அளந்து தரப்பட்டு, வாழ்நாள் முழுவதும் காக்கப்படும் ஒரு செல்வம் அன்று. அது நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறக்கும் ஓர் ஊற்று. ஊற்றில் நீரை மொண்டால் மீண்டும் சுரக்கும். ஒருவர் தமது குருதியின் ஒரு பகுதியை இன்னொருவருக்கு வழங்கிவிட்டு நலமாக வாழ முடிகின்றதென்றால், அதற்கு அடிப்படை இந்த உண்மையே. இன்றைய குருதிக்கொடை முழுவதும் இந்த அத்திவாரத்தின் மீதே நிற்கின்றது எனலாம்.

பாவியாவில் அவரது ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர்களுள் கமிலோ கொல்கி முக்கியமானவர். உயிரியல் கற்கும் நமது மாணவர்கள் கொல்கி உடல் என்று பாடநூலில் படிப்பது அவரது பெயரையே ஆகும். ஆசிரியரைவிட மாணவர் மூன்று வயது மூத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1906ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கொல்கியை நுணுக்குக்காட்டியின் வழிக்கு இட்டுச் சென்றவர்களுள் பிட்சோசேரோ முதன்மையானவர். பின்னாளில் பிட்சோசேரோவின் உறவுப் பெண்ணையே மணந்து கொல்கி அக்குடும்பத்திலும் ஒருவரானார்.

முப்பது வயதை எட்டுமுன்னரே பிட்சோசேரோ டூரின் பல்கலைக்கழகத்தின் பொது நோயியல் பேராசிரியரானார். நோயை ஆய்வுகூடத்தில் ஆராயும் புதிய முறையை அங்கிருந்த பழைமைவாதிகள் எளிதில் வரவேற்கவில்லை. உயிர் என்பது பரிசோதனைக்கு அப்பாற்பட்ட ஒரு சக்தியினால் இயங்குகின்றது என்ற கொள்கையில் ஊறியிருந்தோர் அவரைச் சந்தேகத்துடனேயே நோக்கினர். அவர் வாதத்தில் இறங்குவதைவிட வேலையில் இறங்குவதையே விரும்பினார். 1876ஆம் ஆண்டில் மருத்துவ விஞ்ஞானத்துக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். குருதியிலுள்ள ஈமோகுளோபினை அளப்பதற்கு ஒரு கருவியை வடிவமைத்தார். நோயாளியின் படுக்கையருகே நுணுக்குக்காட்டியை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை விளக்கி அவர் எழுதிய கைநூல் பிற ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

1882ஆம் ஆண்டு அவரது பெயரை நிலைநிறுத்திய ஆண்டாகும். செங்குழியங்களையும் வெண்குழியங்களையும் மருத்துவ உலகம் அப்போது நன்கறிந்திருந்தது. அவற்றுக்கிடையே மிகச் சிறிய துணிக்கைகள் சில காணப்படுவதை வேறு சில ஆய்வாளர்களும் கண்டிருந்தனர். ஆனால், அவை எவை என்பதில் தெளிவு ஏற்படவில்லை. சிதைந்த வெண்குழியங்களின் எச்சங்கள் என்று சிலர் கருதினர். உடலை விட்டு வெளியேறிய குருதியில் உண்டாகும் படிவுகள் என்று வேறு சிலர் ஒதுக்கினர். பிரான்சின் ஜோர்ஜ் ஹெயெம் அவற்றை எண்ணிக் கணக்கிட்டபோதிலும், பின்னர் செங்குழியங்களாக மாறவிருக்கும் இளங்கலங்கள் என்றே நம்பினார்.

பிட்சோசேரோ இந்தச் சிக்கலை அவிழ்த்த முறை எளிமையானது. ஆயினும் மிக்க அறிவுக் கூர்மை வாய்ந்தது. வெளியே எடுத்த குருதியில் காண்பவை உடலுக்குள்ளும் உள்ளனவா என்பதே ஐயமெனில், உடலுக்குள் ஓடும் குருதியையே பார்த்துவிட வேண்டியதுதான் என்று அவர் தீர்மானித்தார். மயக்கமூட்டப்பட்ட சிறு விலங்குகளின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்து, அதன் நுண்ணிய குழாய்களில் ஓடிக்கொண்டிருந்த குருதியை அவர் நோக்கினார். செங்குழியங்களுக்கும் வெண்குழியங்களுக்கும் இடையே, நிறமற்ற மெல்லிய தட்டுக்கள் மிதந்து சென்றன. எனவே அவை எச்சங்களும் அல்ல, படிவுகளும் அல்ல. உயிருள்ள குருதியின் மூன்றாவது கூறு அவை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. குழாயின் சுவரில் சிறு காயத்தை ஏற்படுத்தி, அடுத்து நிகழ்வதைக் கவனித்தார். ஓடிக்கொண்டிருந்த சிறுதட்டுக்கள் காயம்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டன. ஒன்றன்மேலொன்றாகத் திரண்டு, உடைப்பெடுத்த அணையை மண்மூடைகளால் அடைப்பதைப் போல அந்த வாயை அடைத்தன. குருதி கசிவதை நிறுத்தும் முதற்காவலர் சிறுதட்டுக்களே என்பது அன்று புலனாயிற்று. அதே சிறுதட்டுக்கள் வேண்டாத இடத்தில் திரண்டால் குழாயை அடைத்து ஆபத்தை விளைவிக்கும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். மாரடைப்பு நோயாளருக்கு இன்று அஸ்பிரின் கொடுக்கப்படுவது, சிறுதட்டுக்கள் இவ்வாறு திரள்வதைக் குறைப்பதற்கேயாகும்.

ஒரு விந்தையையும் இங்கு குறிப்பிட வேண்டும். என்பு மச்சையில் காணப்படும் மிகப் பெரிய கலங்கள் சிலவற்றைப் பிட்சோசேரோ முன்னரே விவரித்திருந்தார். அக்கலங்களிலிருந்தே சிறுதட்டுக்கள் உடைந்து பிறக்கின்றன என்பதை அவர் அறியவில்லை. தாயையும் சேயையும் தனித்தனியே கண்ட அவருக்கு, அவற்றின் உறவைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் மறைந்து ஐந்தாண்டுகளின் பின்னர், 1906இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் என்பவரே அந்த உறவை வெளிப்படுத்தினார். 1893இல் நாய்களின் இரைப்பையில் சுருள் வடிவான நுண்ணுயிர்களையும் பிட்சோசேரோ கண்டு எழுதினார். மனிதரின் இரைப்பைப் புண்ணுக்கு அவ்வகை நுண்ணுயிர் காரணமென்பதை நிரூபித்த இரு அவுஸ்திரேலியர்களுக்கு 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

1894ஆம் ஆண்டில் ரோம் நகரில் சர்வதேச மருத்துவ மாநாடு நடைபெற்றது. அங்கு அவர் ஆற்றிய உரை, உடலின் கலங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியது. வாழ்நாள் முழுவதும் அழிந்து புதுப்பிக்கப்படுபவை ஒரு வகை. வளர்ச்சி முடிந்ததும் பெருகுவதை நிறுத்திக்கொள்பவை இரண்டாம் வகை. நரம்புக் கலங்களைப் போல ஒரு முறை உருவான பின்னர் புதிதாகப் பெருகாதவை மூன்றாம் வகை. உடலின் ஒவ்வோர் இழையமும் தனக்கே உரிய வேகத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது என்பதே அவ்வுரையின் சாரமாகும். இந்தக் கருத்தை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

நுணுக்குக்காட்டியையே வாழ்வாகக் கொண்ட அவரை விதி மிகக் கொடுமையான இடத்தில் தாக்கியது. கண் நோயொன்றினால் பார்வை மங்கி, நுணுக்குக்காட்டியில் கண் வைத்துப் பணியாற்ற இயலாத நிலை உருவாயிற்று. வேறொருவராயின் மனமுடைந்து ஒதுங்கியிருப்பார். பிட்சோசேரோவோ தமது பார்வையை மக்களின் பக்கம் திருப்பினார். 1890ஆம் ஆண்டில் செனட் சபைக்கு நியமிக்கப்பட்டிருந்த அவர், மலேரியா, காசநோய், குடிநீர்த் தூய்மை போன்ற பிரச்சினைகளில் அரசாங்கத்தின் கடமையை வலியுறுத்தினார். பொதுமக்கள் வாசிக்கும் சஞ்சிகைகளில் சுகாதாரம் பற்றி எளிய நடையில் எழுதினார். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, நலமாக இருப்பவரை நலமாகவே காப்பது மேலானது என்ற கொள்கையே அவரது பிற்கால வாழ்வை வழிநடத்தியது. 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி, நியூமோனியா நோயினால் தமது 55ஆவது வயதில் அவர் டூரின் நகரில் காலமானார்.

அதே 1901ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் மனிதக் குருதியின் வகைகளை வெளியிட்டார். அதன் பின்னரே ஒருவரது குருதியை இன்னொருவருக்கு ஆபத்தின்றி ஏற்றுவதற்கு வழி பிறந்தது. 1910இல் பொஸ்டனில் வில்லியம் டியூக் என்ற வைத்தியர், சிறுதட்டுக்கள் குறைந்து குருதி கசிந்துகொண்டிருந்த நோயாளிக்குப் பிறரது குருதியை ஏற்றியபோது, சிறுதட்டுக்கள் பெருகிக் கசிவும் நின்றதை எழுதினார். 1960களில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் பிறெய்றெய்க், இரத்தப் புற்றுநோயினால் குருதி கசிந்து இறந்துகொண்டிருந்த குழந்தைகளைச் சிறுதட்டுக்களைக் கொண்டு காப்பாற்ற முனைந்தார். தமது மகன் அந்நோய்க்கு ஆளாகியிருந்த ஜோர்ஜ் ஜட்சன் என்ற பொறியியலாளர் அவருடன் இணைந்து, குருதியின் கூறுகளைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார்.

இன்றைய இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவையே. கொடையாளரின் நரம்பிலிருந்து வரும் குருதியைச் சுழற்றிச் சிறுதட்டுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏனையவற்றை அவரது உடலுக்கே அவை திருப்பி அனுப்புகின்றன. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலங்கள் இதற்குத் தேவைப்படுகின்றன. குருதி உறையாதிருக்கச் சேர்க்கப்படும் சிற்றேற்று, உடலின் கல்சியத்தைச் சிறிது நேரம் பிணைத்துவிடுவதனால் உதடுகளில் ஒரு கூச்சம் தோன்றலாம். அது விரைவில் நீங்கிவிடும். கொடையாளரின் சிறுதட்டுக்களில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை குறையக்கூடும். ஆயினும் சிறுதட்டின் ஆயுளே 7 முதல் 10 நாட்கள்தான். உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி சிறுதட்டுக்களை உருவாக்குகின்றது. எனவே சில நாட்களிலேயே குறை நிரம்பிவிடுகின்றது. இதனாலேயே அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுக்கு 24 தடவைகள் வரை சிறுதட்டுக்களை வழங்க அனுமதிக்கப்படுகின்றார்.

இங்குதான் பிட்சோசேரோவின் 1894ஆம் ஆண்டு உரை நினைவுக்கு வருகின்றது. எல்லாக் கலங்களும் ஒரே வேகத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. சிறுதட்டுக்களுடன் வெண்குழியங்களும் கலந்து சென்றால், பெறுகின்ற நோயாளிக்குக் காய்ச்சல் முதலிய தீங்குகள் நேரலாம். அதனைத் தவிர்ப்பதற்காகச் சில இயந்திரங்களில் வெண்குழியங்களைச் சிறைப்பிடிக்கும் சிற்றறையொன்று அமைக்கப்பட்டது. சிறைப்பட்டவற்றுள் பெருந்தொகையானவை நிர்ப்பீடனத்துக்குப் பொறுப்பான நிணநீர்க்குழியங்கள். அவை கொடையாளரிடம் திரும்புவதில்லை. அவற்றுள் ரி கலங்கள் எனப்படுபவை தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுகின்றன. வயது ஏற ஏற அச்சுரப்பி சுருங்கிவிடுவதனால், வளர்ந்தவர்களின் உடல் புதிய ரி கலங்களை மெதுவாகவே உருவாக்குகின்றது. நோயாளியின் நன்மைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, வழங்குபவரிடமிருந்து அவர் அறியாமலேயே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டது.

2019ஆம் ஆண்டில் பொஸ்டன் ஆய்வாளர்கள் 60 கொடையாளர்களின் குருதியைப் பரிசோதித்தனர். ஓராண்டில் ஓரிரு தடவைகள் மட்டுமே வழங்கிய 20 பேரில் எவருக்கும், சீடி4 எனப்படும் உதவி ரி கலங்கள் கன மில்லிமீற்றருக்கு 200க்குக் கீழே செல்லவில்லை. 20 முதல் 24 தடவைகள் வழங்கிய 20 பேரிலோ 6 பேருக்கு அந்த அளவுக்குக் கீழே குறைந்திருந்தது. சுகதேகிகளிடம் இது பொதுவாக 500க்கு மேல் இருக்கும். அந்த ஆறு பேரும் நோயாளிகளாக இருக்கவில்லை என்பதை வலியுறுத்த வேண்டும். பின்னர் ஸ்வீடனில் நாடளாவிய பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, மிக அடிக்கடி வழங்கியோரிடம் தொற்றுநோய் அபாயம் கூடக்கூடும் என்று எச்சரித்தது. இக்குறைவினால் விளையக்கூடியவை பற்றிய ஆராய்ச்சி இன்னும் முற்றுப்பெறவில்லை.

இதைக் கேட்டு எவரும் குருதிக்கொடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. எப்போதாவது வழங்கும் ஒருவருக்கு இதனால் தீங்கு நேர்ந்ததாக இந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஆண்டில் இருபது தடவைக்கு மேல் அதே நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டும் சிலரைப் பற்றியதே இக்கேள்வி. அவர்கள் முகமறியாத ஒருவருக்காக அமைதியாகத் தம்மை வழங்குபவர்கள். அவர்களது சிறுதட்டுக்களை எண்ணிப் பார்க்கும் வங்கிகள், நிணநீர்க்குழியங்களையும் இரும்புச்சத்தையும் இடைக்கிடையே எண்ணிப் பார்ப்பது அவசியம். தேவையான ஓய்வு இடைவெளியை வழங்குவதும், அறிந்ததை அவர்களிடம் ஒளிவுமறைவின்றிக் கூறுவதும் அவ்வாறே கடமைகளாகும். ஒரு சிலரையே மீண்டும் மீண்டும் அழைப்பதை விடுத்து, கொடையாளர்களின் தொகையைப் பெருக்குவதே சுமையைப் பகிர்வதற்குச் சிறந்த வழி.

பிட்சோசேரோ குருதியைச் சிகிச்சைக்காக எவருக்கும் ஏற்றியவர் அல்லர். ஆயினும், வெளியே எடுத்த துளியை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், உயிருள்ள உடலில் ஓடும் குருதியைப் பார்க்க வேண்டும் என்று அவர் காட்டிய வழி இன்றும் பொருந்துகின்றது. பையில் சேர்ந்ததை மட்டும் அளந்து மனநிறைவு கொள்ளாமல், வழங்கியவரின் உடலில் எஞ்சியிருப்பதையும் பார்ப்பதே அந்த வழி. கண்ணொளி மங்கிய காலத்திலும் நலமாக இருப்பவரைக் காப்பதற்காக உழைத்த அந்த மனிதருக்குச் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலியும் அதுவே.